எண்ணெய் விளக்கிலிருந்து சினிமா விளக்குக்கு: குரு கோபிநாத்தும் திருவனந்தபுரமும்

ஓர் ஆடற்கலை எந்த வெளிச்சத்தில் காணப்படுவதற்காக உருவானதோ அந்த வெளிச்சமே அதன் ஒப்பனையையும் உடையையும் அசைவின் அளவையும் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதும், வெளிச்சம் மாறும்போது கலை ஒன்று தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் அல்லது பழைய வெளிச்சத்தை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதும், ஆடல் வரலாற்றை எழுதுவோர் அதிகம் பேசாத செய்திகள். கேரளத்தின் கதகளி மரபில் பயின்று, அதிலிருந்து கிளைத்த புதிய ஆடல் முறை ஒன்றை உருவாக்கி, அரங்கிலிருந்து புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும் சென்று, இறுதியில் திருவனந்தபுரத்தில் ஒரு கலைக்கூடத்தை நிறுவிய குரு கோபிநாத்தின் வாழ்க்கை இந்த உண்மையை விளக்குவதற்கு மிகவும் ஏற்றது. பல துறைகளைக் கடந்து செல்லும் கலைஞர் என்ற கருத்து இன்று புதியதுபோலப் பேசப்படுகிறது. ஆனால் 1930களிலேயே அந்தப் பயணத்தை மேற்கொண்ட ஒருவர், எதைக் கழற்றி வைப்பது, எதை விடாமல் காப்பது என்ற கேள்வியை ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்கொண்டார்.

கதகளி பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் உருவான கூத்து வடிவம். பாடகர்கள் பின்னால் நின்று பதங்களைப் பாட, நடிகர் ஒரு சொல்லும் பேசாமல் கண்ணாலும் முகத்தாலும் கைமுத்திரைகளாலும் கதையை நடத்திச் செல்வதே அதன் இயல்பு. இரவில் தொடங்கி விடியும்வரை நீளும் இந்த ஆட்டத்துக்கு மரபாக இருந்த ஒரே வெளிச்சம், மேடையின் முன்னால் வைக்கப்படும் ஆட்டவிளக்கு என்னும் பெரிய வெண்கல எண்ணெய் விளக்கு. தேங்காயெண்ணெயில் தடித்த திரிகள் எரியும் அந்த மஞ்சள் ஒளி காற்றில் ஆடும். அது நடிகரின் மார்பளவுக்கும் முகத்துக்கும் மட்டுமே போதுமானதாக இருக்கும். அந்த ஒளியில் முகத்தின் ஒவ்வொரு தசையசைவும் தூரத்தில் தரையில் அமர்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டுமானால், முகமே ஒளியைத் திரட்டித் திருப்பி அனுப்பும் கருவியாக மாற வேண்டும். அந்தப் பணியைச் செய்வது சுட்டி. அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த வெண்பசையைத் தாடையின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, முகத்தைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பை எழுப்புவதே சுட்டி குத்துதல் என்று சொல்லப்படும் (பிற்காலத்தில் காகித விளிம்பும் வழக்கத்துக்கு வந்துவிட்டது). நடிகர் பாயில் மல்லாந்து படுத்திருக்க, சுட்டிக்காரர் தலைமாட்டில் அமர்ந்து செய்யும் இந்த வேலை, மற்ற ஒப்பனையுடன் சேர்ந்து சில மணி நேரம் பிடிக்கும். சுண்டைப்பூவின் விதையைக் கண்ணிமைக்குள் வைத்துக் கண்ணைச் சிவக்கச் செய்வதும் இந்த விளக்கொளியின் தேவையால் வந்த வழக்கமே. பச்சை நிற முகத்துக்கு நடுவே, வெண்விளிம்புக்குள், சிவந்த கண்கள் உருளும்போது அந்தச் சிறிய விளக்கே போதுமானதாகிவிடுகிறது.

முகத்தின் நிறமே பாத்திரத்தின் குணத்தைச் சொல்லிவிடும். உயர்ந்த நாயகர்களுக்குப் பச்சை, வீரமும் ஆணவமும் கலந்த இராவணன், இரணியன் போன்றோருக்குக் கத்தி, கொடியோருக்குச் சிவப்புத் தாடி, வேடருக்கும் அரக்கியருக்கும் கரி என்று வேடங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. இவை அனைத்திலிருந்தும் வேறுபட்டு, சுட்டியும் அடர்ந்த நிறமும் இல்லாமல் முகத்தின் இயல்பான தோற்றத்தைச் சற்றே மெருகேற்றிக் காட்டும் வேடத்துக்கு மினுக்கு என்று பெயர். பெண்களும் முனிவர்களும் தூதர்களும் அந்த வகையில் வருவார்கள்.

குட்டநாட்டின் சம்பக்குளத்தில் 1908ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று பிறந்த கோபிநாத், கதகளி ஊறிய சூழலில் வளர்ந்தவர். சிவப்புத் தாடி வேடத்தில் புகழ்பெற்ற சம்பக்குளம் பாச்சுப்பிள்ளை அவருடைய சகோதரர். தென்கேரளத்து ஆசான்களிடம் பல ஆண்டுகள் பயின்ற பிறகு, மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனோன் 1930இல் நிறுவிய கலாமண்டலத்தில் அவர் சேர்ந்தார். கதகளிப் பயிற்சியின் கடுமை இன்றும் பலரை வியக்க வைப்பது. மழைக்காலத்தில் விடியலுக்கு முன் எழுந்து, உடல் முழுவதும் எண்ணெய் பூசித் தரையில் படுக்க, ஆசான் மேலே கட்டிய கம்பையோ கயிற்றையோ பிடித்துக்கொண்டு தம் பாதங்களால் மாணவனின் முதுகையும் தொடையையும் அழுத்தி உழிவார். இடுப்பும் முழங்காலும் விரிந்து நிற்கும் கதகளி நிலைக்கு உடலை வளைய வைப்பது இந்த உழிச்சிலே. அதைத் தொடர்ந்து கண்ணில் நெய்யிட்டு, கருவிழியை வட்டமாகவும் குறுக்காகவும் மெல்லவும் விரைந்தும் சுழற்றும் சாதகம் நடக்கும். கோபிநாத் பிற்காலத்தில் எத்தனையோ விஷயங்களைக் கைவிட்டார் என்றாலும், இந்தக் கண் சாதகத்தின் பயனை மட்டும் கடைசிவரை விடவில்லை.

அவரைக் கதகளி அரங்கிலிருந்து வேறு அரங்குக்கு அழைத்துச் சென்றவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து, எஸ்தர் ஷெர்மன் என்ற இயற்பெயரை விட்டு ராகினி தேவி என்ற பெயரில் இந்திய நடனம் ஆடிவந்த ஒரு பெண்மணி. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் சதிராட்டம் கற்ற பின் கலாமண்டலத்துக்கு வந்து கதகளி பயின்ற அவர், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்த மரபுக்குள் நுழைந்த முதற்பெண்களில் ஒருவர். தம்முடன் ஆடுவதற்கு ஓர் ஆண் கலைஞர் தேவைப்பட்டபோது அவர் கோபிநாத்தைத் தேர்ந்தெடுத்தார். 1930களின் முற்பகுதியில் இருவரும் பம்பாய் தொடங்கிப் பல நகரங்களில் ஆடினார்கள். அங்கே கிடைத்த அரங்கு, விடியவிடியக் கதை கேட்கும் கோயில் முற்றம் அன்று. திரை உயரும் மேடை, மேலும் கீழும் மின்விளக்குகள், நுழைவுச்சீட்டு வாங்கி இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வந்தமரும் பார்வையாளர்கள், அவர்களில் மலையாளப் பதத்தின் ஒரு வரியையும் அறியாதவர்களே மிகுதி. ஒரே மாலையில் பல சிறு ஆட்டங்களை ஆட வேண்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் சுட்டி குத்திப் பல முழத் துணியால் உடுத்துக்கெட்டு கட்டிக் கிரீடம் சூடுவது இயலாத காரியம்.

எனவே கோபிநாத் கழற்றத் தொடங்கினார். சுட்டி போயிற்று; பெருங்கிரீடமும் விரிந்த பாவாடையும் போய், அந்தந்தப் பாத்திரத்துக்குப் பொருத்தமான எளிய உடையும் நகைகளும் வந்தன; பல மணி நேரம் நீளும் ஆட்டக்கதைக்குப் பதிலாகச் சில நிமிடங்களில் நிறைவுபெறும் தனி ஆட்டங்களும் இருவர் ஆட்டங்களும் வந்தன; செண்டையின் பேரொலி பின்னுக்குச் சென்று கர்நாடக இசையை ஒட்டிய பாட்டும் மென்மையான பக்கவாத்தியங்களும் முன்னுக்கு வந்தன. சிவதாண்டவம், வேடன் நடனம், ஒன்பது சுவைகளையும் முகத்தில் அடுத்தடுத்து வரவழைக்கும் நவரசம் ஆகியவை இவ்வகையில் அமைந்தன. ஆழ்ந்து நோக்கினால், அவர் செய்தது கதகளியின் உள்ளேயே ஏற்கெனவே இருந்த மினுக்கு வேடத்தின் திறந்த முகத்தைச் சிவனுக்கும் வேடனுக்கும் அரக்கனுக்கும் விரித்துக் கொடுத்ததே எனலாம். மின்விளக்கு வந்தபின் முகத்துக்கு வெண்விளிம்பு தேவைப்படவில்லை. அதே நேரத்தில் கதகளியின் இருபத்துநான்கு அடிப்படைக் கைமுத்திரைகளையும், கண்ணின் ஆட்சியையும், இடுப்பைத் தாழ்த்திப் பாதத்தின் வெளிவிளிம்பில் ஊன்றி நிற்கும் அந்தத் தனித்த நிலையின் சாயலையும் அவர் விடவில்லை. இந்த முறைக்குக் கேரள நடனம் என்ற பெயர் நிலைபெற்றது அவருடைய மறைவுக்குப் பின்னர்தான்.

இந்தச் சீர்திருத்தத்துக்குச் சமூகப் பொருளும் உண்டு. கோயில் வளாகத்துக்குள் நுழையும் உரிமை எல்லாச் சாதியினருக்கும் இல்லாதிருந்த காலத்தில், திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேச விளம்பரம் வெளிவரும்வரை, கோயிலைச் சார்ந்த கலைகளைப் பார்ப்பதற்கும் சாதியே வாயிலாக இருந்தது. நகர மேடையில் ஆடப்படும் சிறு ஆட்டம் அந்த வாயிலைக் கடந்து பொதுமக்களிடம் வந்தது. கோபிநாத் இதைப் போராட்டமாக அறிவித்துச் செய்தார் என்று சொல்ல இடமில்லை. அரங்கின் பொருளாதாரம் அவரை அங்கே கொண்டு சேர்த்தது என்பதே பொருந்தும்.

அதே பதிற்றாண்டில் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் ஆதரவில் கோபிநாத் அரண்மனை நடனக் கலைஞராகத் திருவனந்தபுரத்துக்கு வந்தார். சித்ரோதய நர்த்தக கலாலயம் என்ற பெயரில் ஒரு நடனப் பள்ளியும் அங்கே தொடங்கியது. கலாமண்டலத்தின் முதல் மோகினியாட்ட மாணவியான தங்கமணி அவருடைய மனைவியாகவும் மேடைத் துணையாகவும் அமைந்தார். தமிழ் வாசகர்களுக்கு மிகவும் பழகிய ஒரு பெயர் இங்கேதான் இந்த வரலாற்றில் இணைகிறது. திருவனந்தபுரத்தின் பூஜப்புரையைச் சேர்ந்த லலிதா, பத்மினி, ராகினி என்ற திருவிதாங்கூர் சகோதரிகள் கோபிநாத்திடமும் பின்னர் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடமும் நடனம் பயின்றவர்கள். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தின் போட்டி நடனத்திலும் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்திலும் பத்மினியின் ஆட்டத்தைக் கண்டு களித்தவர்கள், அவருடைய கண்களும் புருவங்களும் தாளத்துக்கு முந்திக்கொண்டு பேசுவதை மறந்திருக்க மாட்டார்கள். அடவு தஞ்சை மரபினுடையது என்றாலும், அந்த முகப்பயிற்சியில் தென்கேரளத்தின் கை இருக்கிறது என்று கருதுவது மிகையாகாது.

புகைப்படம் திருவனந்தபுரத்துக்குப் புதியது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சக்கரியா டி குரூஸ் என்பவர் திருவிதாங்கூர் அரசுக்காகக் கோயில்களையும் கட்டடங்களையும் மக்களையும் படமெடுத்தவர். ஆனால் ஆட்டவிளக்கின் முன் நடக்கும் கதகளியை அக்காலத்துக் கருவிகளால் பிடிப்பது ஏறக்குறைய இயலாது. ஒளிக்கு மெதுவாகவே பதிலளிக்கும் தகடும் பிலிமும் இருந்த நாளில், படம் தெளிவாக விழ வேண்டுமானால் நிறைந்த வெளிச்சமோ அசையாத உடலோ வேண்டும். அதனால் பகலில், திறந்த வெளியில், முழு வேடத்துடன் நடிகரை நிறுத்தி எடுத்த படங்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றில் சுட்டியும் பச்சையும் நன்றாகத் தெரிகின்றன, நடிப்பு தெரிவதில்லை. சூரிய ஒளியில் அந்த ஒப்பனை ஒரு பொம்மை முகமாகவே தோன்றிவிடுகிறது என்பது அப்படங்களைப் பார்ப்போர் எவருக்கும் புலப்படும். கோபிநாத் திறந்துவிட்ட முகமோ புகைப்படக் கருவிக்கு இசைவாக இருந்தது. நவரசத்தின் ஒவ்வொரு சுவையும் ஒரு கணம் நிலைத்து நிற்பது. அந்தக் கணமே ஒரு படமாவதற்குப் போதும். பயணம் செய்யும் நடனக் கலைஞருக்குச் செய்தித்தாளிலும் சுவரொட்டியிலும் நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெறும் படமே முதல் மேடையாக இருந்த காலத்தில், இது சிறிய வசதி அன்று.

கோபிநாத் பின்னர் சென்னைக்குச் சென்று நடன நிகேதன் என்ற பள்ளியை நடத்தினார். தென்னிந்தியச் சினிமாவின் தலைநகரமாக இருந்த அந்நகரில் கேமரா அவரைத் தேடி வந்ததில் வியப்பில்லை. ‘தியாகபூமி’ படத்தை இயக்கிய கே. சுப்பிரமணியம் (நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியத்தின் தந்தை) 1941இல் உருவாக்கிய ‘பிரகலாதா’ மலையாளத்தின் தொடக்ககாலப் பேசும் படங்களில் ஒன்று. அதில் கோபிநாத் இரணியகசிபுவாகவும் தங்கமணி கயாதுவாகவும் நடித்தார்கள். கதகளியில் கத்தி வேடம் பூண்டு, மூக்கின் நுனியிலும் நெற்றியிலும் வெண்ணுருண்டை ஒட்டி வரவேண்டிய பாத்திரம் அது. பத்தாண்டுக்குப் பின் வந்து பெருவெற்றி பெற்ற ‘ஜீவித நௌகா’ (1951) படத்தில், வள்ளத்தோளின் ‘மக்தலன மறியம்’ காவியத்தைத் தழுவிய நாட்டிய நாடகக் காட்சியில் அவர் இயேசுவாகத் தோன்றினார். இரணியனிலிருந்து இயேசுவுக்குச் செல்வதற்கு, பாத்திரத்துக்கு முன்பே நிறம் வகுத்துவைத்த பழைய ஒப்பனை முறை உதவியிருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திரைப்படம் நடனக் கலைஞருக்குத் தரும் சிக்கல், வெளிச்சத்தை விடச் சட்டகத்தைச் சார்ந்தது. கதகளியில் கை எங்கே செல்கிறதோ அங்கே கண் செல்ல வேண்டும். தாமரை மலர்வதைக் காட்டும்போது குவிந்த இரு கைகளும் மெல்ல விரிய, கண்ணும் அதனுடன் விரிந்து, அடுத்த நொடியில் வண்டாக மாறிய விரலைத் தொடர்ந்து சென்று, அந்த வண்டு பூவில் அமர்ந்ததும் நடிகரின் முகத்தில் இன்பம் பரவும். கேமராவோ முகத்தை அண்மைக் காட்சியில் காட்டினால் கை வெளியே போய்விடும். கையையும் முகத்தையும் சேர்த்துக் காட்டினால் கால் மறையும். முழு உருவத்தையும் காட்டினால் கண் ஒரு புள்ளியாகச் சிறுத்துவிடும். மேடையில் பார்வையாளரின் கண்ணே செய்துகொள்ளும் இந்தத் தேர்வை, திரைப்படத்தில் இயக்குநரும் படத்தொகுப்பாளரும் செய்துவிடுகிறார்கள். ஆடுபவர் தம் கலையின் பாதியை வேறொருவர் கையில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஒப்படைப்பை ஏற்க மறுத்து, கேமராவையே தம் கையில் எடுத்துக்கொண்டவர் உதய சங்கர். லண்டனில் ஓவியம் கற்று, அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலால் நடனத்துக்கு வந்த அவர், இமயமலை அடிவாரத்து அல்மோராவில் நடத்திய கலை மையத்தில் கேரளத்துக் கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரியையும், பாலசரஸ்வதியின் ஆசானான கந்தப்ப பிள்ளையையும் கற்பிக்க அமர்த்தியிருந்தார். மையம் மூடப்பட்ட பின், சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் தாமே இயக்கி நடித்த ‘கல்பனா’ (1948) படத்தில் ஆட்டத்தைக் கேமராவுக்காகவே அமைத்தார். நிழலும் ஒளியும் கோணமும் அங்கே ஆடுகின்றன. பூஜப்புரைச் சகோதரிகள் அந்தப் படத்திலும் ஆடியிருக்கிறார்கள். பழுதுபார்க்கப்பட்ட அதன் படி 2012இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ஓவியக் கண்ணுடன் வந்தவர் சட்டகத்துக்குள் சிந்திக்க முடிந்தது; கண்ணையே கருவியாகக் கொண்ட கதகளிக்காரர் சட்டகத்துக்குள் நடிக்க மட்டுமே முடிந்தது. கோபிநாத்தின் திரைப் பங்களிப்பு சிறியதாக நின்றுபோனதற்கு இதுவே காரணமாகத் தோன்றுகிறது.

கதகளி அறிஞர்களில் ஒரு சாரார் கோபிநாத்தின் முறையைக் கதகளியின் நீர்த்த வடிவம் என்று கருதினார்கள். அந்தக் குறை முற்றிலும் ஆதாரமற்றது அன்று. இரவு முழுதும் நீளும் ஆட்டத்தில் ஒரே ஒரு வரியை நடிகர் அரைமணி நேரம் விரித்து ஆடும் சுதந்திரம், பத்து நிமிட ஆட்டத்தில் கிடைக்காது; அந்தச் சுதந்திரமே கதகளியின் உயிர் என்போருக்கு மறுமொழி சொல்வது எளிதன்று. எனினும் கோபிநாத் கதகளிக்கு மாற்றாகத் தம் முறையை வைக்கவில்லை. மின்விளக்கும் நகரமும் வந்த பிறகு, முழுக் கதகளியைக் காண வாய்ப்பும் பொறுமையும் இல்லாதவர்களிடம் அதன் கண்களையும் கைகளையும் கொண்டு சேர்ப்பதே அவர் எடுத்துக்கொண்ட வேலை. ‘அபிநயப் பிரகாசிகா’ போன்ற நூல்களை எழுதி அடிப்படைகளை வரையறுக்க அவர் முயன்றதும் அதற்காகவே. 1963இல் திருவனந்தபுரத்தின் வட்டியூர்க்காவில் விசுவகலா கேந்திரத்தை நிறுவி அங்கேயே தங்கினார். 1987 அக்டோபர் 9 அன்று எர்ணாகுளத்தில் ‘ராமாயணம்’ நாட்டிய நாடகத்தில் தசரதனாக மேடையில் இருந்தபோதே அவருடைய உயிர் பிரிந்தது.

திருவனந்தபுரம் அதன்பின்னும் இத்தகைய கலைஞர்களை ஈர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. குமுதினி லாகியாவிடமும் பிர்ஜு மகராஜிடமும் கதக் பயின்ற தக்ஷா சேத், 1990களில் இந்நகரை இருப்பிடமாகக் கொண்டு, ஆஸ்திரேலியாவில் பிறந்த இசைக்கலைஞரான கணவர் தேவிசாரோவுடன் ஒரு நடனக் குழுவை நிறுவினார். அவரை இங்கே கொண்டுவந்தது களரிப்பயிற்று. கிழக்கே கோட்டையில் 1956இல் தொடங்கப்பட்ட சி.வி.என். களரியில், தரைமட்டத்துக்குக் கீழே இறங்கி அமைந்த மண்தளத்தில், கோவிந்தன்குட்டி நாயர் கற்பித்த போர்ப்பயிற்சியிலிருந்து அவர் ஒரு புதிய உடல்மொழியைப் பெற்றார். கயிற்றிலும் கம்பத்திலும் ஏறி உடலைச் சுழற்றும் மல்லர் கம்பப் பயிற்சியும் அதனுடன் சேர்ந்தது. அவருடைய மகள் ஈஷா சர்வானி ‘கிஸ்னா’ (2005) என்ற இந்திப் படத்தில் ஆடியபோது, தரையை விட்டு உயர்ந்த அந்த உடல் கேமராவுக்கு இயல்பாகவே பொருந்தியது. முகத்தை மையமாகக் கொண்ட கோபிநாத்தின் சிக்கல், உடல் முழுவதையும் மையமாகக் கொண்ட இந்த ஆடலுக்கு எழவில்லை.

புகைப்படத்தையே மேடையாக்கிய கலையும் இந்த ஊருக்கு ஒரு வகையில் கடன்பட்டிருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூரில் பிறந்து இந்நகர அரண்மனையில் வளர்ந்த ரவி வர்மாவின் ஓவியங்கள், நாடக மேடையில் ஒளி பாய்ந்து நிற்கும் பாத்திரங்களைப் போன்றவை. பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என். சிற்பியாகத் தொடங்கி, தாமே வேடம் பூண்டு கேமராவின் முன் நிற்கும் கலைக்கு வந்தவர். படத்துக்காக மட்டுமே நிகழ்த்தப்படும் இத்தகைய நிகழ்வைப் புகைப்பட நிகழ்த்துகலை என்பார்கள். புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் பற்றிய வரிசையில், ரவி வர்மாவின் லட்சுமியாகவும் நிலவொளிப் பெண்ணாகவும் அவர் நின்றிருக்கிறார். சற்றே பிசகிய திரைச்சீலையும் கைவினை முத்திரையும் வேண்டுமென்றே தெரியும்படி விடப்பட்டிருப்பதால், தெய்வம்போல் பழகிவிட்ட உருவம் ஒருவர் பூண்ட வேடமே என்பது பார்ப்பவருக்கு உறைக்கிறது. கோபிநாத் வேடத்தைக் கழற்றி முகத்தைக் காட்டினார். புஷ்பமாலா வேடத்தைப் பூண்டு, அது வேடம் என்பதைக் காட்டுகிறார்.

கேரள நடனம் இன்று கேரளப் பள்ளிக் கலைவிழாவில் ஒரு போட்டிப் பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. ஆண்டுதோறும் பல மாணவர்கள் அதைக் கற்கிறார்கள் என்றாலும், போட்டியின் அவசரத்தில் உடையலங்காரம் மீண்டும் கனத்துவருவதும் கண் சாதகம் குறைந்துவருவதும் வருத்தத்துக்குரியவை. கோபிநாத் ஆடிக் கற்பித்த இடம் குரு கோபிநாத் நடனகிராமம் என்ற பெயரில் அரசு நிறுவனமாக இயங்குகிறது. இந்திய ஆடல் வடிவங்களுக்கான ஓர் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. பத்மநாபசுவாமி கோயிலுக்கும் கோவளத்துக்கும் செல்லும் தமிழ்நாட்டுப் பயணிகள், நகரின் எல்லைக்குள்ளேயே இருக்கும் வட்டியூர்க்காவுக்கும் ஒரு முற்பகலை ஒதுக்கலாம்.